பயனர் தட்டும் குறியைச் செயலாக்குவது எப்படி? முருங்கைக்காய்க் கணக்கிலிருந்து ஒரு பைத்தான் குறிப்பு

இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் மகள் ஒரு கேள்வியோடு காத்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2019-20 கல்வியாண்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான்தான் மொழி. பாடத்தில் படித்ததை வைத்து அவள் ஒரு சின்னக் கணிப்பான் எழுதியிருந்தாள். ஒரு எண்ணைக் கேட்கும், ஒரு குறியைக் கேட்கும், இன்னொரு எண்ணைக் கேட்கும், விடையைச் சொல்லும். அவ்வளவுதான்.

எழுதியதோடு விட்டிருந்தால் இந்தக் குறிப்புக்கே வேலை இல்லை. அண்ணனுக்குத் திசையன்விளையில் முருங்கைக்காய் கமிஷன் கடை. மகள் எழுதிய புரோகிராம் என்ற பெருமையில் அதைக் கடை மேசையில் இருந்த பழைய லேப்டாப்பில் போட்டு உபயோகிக்க ஆரம்பித்துவிட்டான். முதல் நாளே ஒரு விவசாயி சில்லறையாகக் கொண்டுவந்த இரண்டு கட்டு, ஒன்று 8 கிலோ, இன்னொன்று 9 கிலோ. கூட்டச் சொன்னால் திரையில் 89 என்று வந்தது. அண்ணன் முப்பது வருஷமாகக் காய் நிறுக்கிறவன். "ஏட்டி, ரெண்டு கட்டு சேந்து எம்பத்தொம்பது கிலோவா? தூக்குனா இடுப்பு ஒடிஞ்சிருக்கணுமே!" என்று சிரித்துவிட்டு, பேப்பரில் 17 என்று எழுதிக்கொண்டான்.

அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "சித்தப்பா, கூட்டுனா தப்பா வருது. பெருக்குனா எரர் வருது. ரெண்டையும் ஒரே மாதிரிதான எழுதியிருக்கேன்?"

நல்ல கேள்வி. இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களும் இதே இடத்தில் வேறு உருவத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள், நான் உட்பட. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. பைத்தானின் சொந்தச் சொற்களை இங்கே உச்சரிப்பில், தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது அவற்றைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல் அதற்கு அனுமதி உண்டு.

எட்டும் ஒன்பதும் எப்படி எண்பத்தொன்பது ஆனது?

இன்புட் என்ற செயற்கூறு பயனரிடமிருந்து எதை வாங்கினாலும் சரமாகத்தான் கொடுக்கும், அதாவது எழுத்துகளின் வரிசையாக. நாம் 8 என்று தட்டினாலும் அதன் கைக்கு வருவது "8" என்ற எழுத்து. எட்டு என்ற அளவு இல்லை.

இப்போது + குறியைப் பார்ப்போம். பைத்தானில் + என்றால் எப்போதும் எண் கூட்டல் என்று இல்லை. இடதுபக்கம் இருப்பதைப் பார்த்து, "உன்னோடு இதைச் சேர்க்கணும், உனக்கு எப்படித் தெரியும்?" என்று முதலில் அதனிடம்தான் கேட்கிறது. எண்ணாக இருந்தால் அது கூட்டிக் கொடுக்கும். சரமாக இருந்தால் பின்னால் ஒட்டிக் கொடுக்கும். "8" + "9" என்றால் "89". பைத்தான் கேட்டதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

ஆனால் சரத்தைச் சரத்தால் பெருக்க அதற்குத் தெரியாது. அதனால் * போட்டதும் டைப்எரர் என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. மருமகப் பிள்ளைகளில் சத்தம் போடுகிறவனைச் சமாளித்துவிடலாம், வாய் திறக்காதவனைத்தான் கவனிக்க வேண்டும் என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். நிரலிலும் அதே கதை. பெருக்கலில் வந்தது சத்தம் போட்ட தப்பு. கூட்டலில் வந்தது சத்தம் போடாத தப்பு. 89 என்ற விடையை அண்ணன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தான். அவன் இல்லாமல் வேலைக்கு நிற்கிற பையன் இருந்திருந்தால்?

இதற்கு மருந்து எளிது. வாங்கிய உடனே எண்ணாக மாற்ற வேண்டும். முழு எண் என்றால் இன்ட், எடை மாதிரி புள்ளி வைத்த எண் என்றால் ஃப்ளோட். எண்கள் இரண்டுக்கும் இது போதும். நடுவில் வருகிற குறிக்கு மட்டும் இது போதாது. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

"+" என்ற எழுத்து, கூட்டல் என்ற செயல்

"8" என்ற எழுத்தை இன்ட் மூலம் எட்டு ஆக்கலாம். "+" என்ற எழுத்தை எதன் மூலம் கூட்டல் ஆக்குவது? அவள் முதலில் இயல்பாக முயன்றது இது:

    விடை = அ குறி ஆ

ஓடவில்லை. வாக்கியப் பிழை என்று வந்தது. "குறிங்கிற மாறிக்குள்ள + தான இருக்கு?" என்றாள்.

இருக்கிறது, ஆனால் எழுத்தாக. காரணத்தை நேர வரிசையில் சொன்னால் புரியும். நாம் நிரலை ஓட்டச் சொன்னதும் பைத்தான் முதலில் மொத்தக் கோப்பையும் படிக்கிறது. வாக்கிய அமைப்பைச் சரிபார்த்து, பைட்கோட் என்ற உள்கட்டளைகளாக மாற்றிவைக்கிறது. கோப்பில் நாம் எழுதிய + இந்தக் கட்டத்திலேயே கூட்டல் கட்டளையாக மாறிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஓட்டம் தொடங்குகிறது, இன்புட் கேட்கிறது, பயனர் + தட்டுகிறார். அவர் தட்டுகிற நேரத்தில் கட்டளைகளாக மாற்றும் வேலை முடிந்துபோயிருக்கும். அவருடைய + உள்ளே வருவது யூனிகோடில் 43 என்ற எண் கொண்ட ஒரு எழுத்தாக மட்டுமே. பந்திக்கு அரிசி வடித்து இறக்கிய பிறகு வந்து, "எனக்குப் பச்சரிசி" என்று சொல்கிற மாதிரி.

ஆக நிரலுக்குள் இருப்பது இரண்டு வேறு பொருள்கள். பயனர் தட்டிய குறி ஒன்று, நாம் எழுதிய செயல் ஒன்று. இரண்டுக்கும் இடையே பாலம் தானாக வராது, நாம்தான் போட வேண்டும். அந்தப் பாலத்தை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் நிரல் நம்பகமானதா இல்லையா என்பது தீர்மானமாகிறது. மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: ஒவ்வொன்றாகக் கேட்பது

பாடப்புத்தக வழி. குறி + ஆ? அப்படியானால் கூட்டு. இல்லை, - ஆ? அப்படியானால் கழி. பைத்தானில் இஃப், எலிஃப், எல்ஸ். இதை எழில் மொழியில் எழுதிக் காட்டுகிறேன். எழில் என்பது முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி. அதைப் பற்றிய கட்டுரை 2009இல் வந்தது, மூலநிரல் 2013இல் பொதுவில் வெளியானது. எழிலே பைத்தானில் எழுதப்பட்டதுதான்.

    @( குறி == "+" ) ஆனால்
        விடை = அ + ஆ
    @( குறி == "-" ) இல்லைஆனால்
        விடை = அ - ஆ
    @( குறி == "*" ) இல்லைஆனால்
        விடை = அ * ஆ
    @( குறி == "/" ) இல்லைஆனால்
        விடை = அ / ஆ
    இல்லை
        பதிப்பி "இந்தக் குறி எனக்குத் தெரியாது"
    முடி

நிபந்தனை முதலில் வந்து "ஆனால்" பின்னால் வருவதைக் கவனியுங்கள். நாம் பேசுகிற வரிசை அதுதான். இதைப் படிக்கிற யாருக்கும் பாலம் எங்கே என்று தெரிந்துவிடும்: மேற்கோளுக்குள் இருக்கும் "+" எழுத்து, அதற்குக் கீழே மேற்கோள் இல்லாத + செயல். ஒவ்வொரு குறிக்கும் ஒரு பாலம். பைத்தான் 3.10இல், அதாவது 2021 அக்டோபர் முதல், மேட்ச் என்ற வாக்கியமும் இருக்கிறது. உருவம் வேறு, செய்வது இதே வேலை.

இந்த வழியில் தப்பில்லை. நான்கு குறிகளுக்கு இதுவே போதும். ஆனால் ஒரு கண்ணி உண்டு. என் அண்ணன் மகள் "+" தட்டினாலும் "கூட்டு" என்று எழுதினாலும் ஏற்கட்டும் என்று நினைத்து முதல் நிபந்தனையை இப்படி மாற்றியிருந்தாள்: குறி == "+" ஆர் "கூட்டு". தமிழில் வாசித்தால் சரியாகத்தான் கேட்கிறது, "குறி + அல்லது கூட்டு". பைத்தான் அதை இரண்டு தனிக் கேள்விகளாகப் படிக்கிறது. குறி + ஆ என்பது ஒன்று. "கூட்டு" என்பது உண்மையா என்பது இன்னொன்று. காலியாக இல்லாத எந்தச் சரமும் பைத்தானுக்கு உண்மைதான். அதனால் நிபந்தனை எப்போதுமே உண்மை. கழித்தாலும் பெருக்கினாலும் கூட்டிக்கொண்டே இருக்கும். இதுவும் சத்தம் போடாத வகை.

இரண்டாம் வழி: ஈவால் என்ற குறுக்குவழி

நான் உவரிக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் அவளே ஒரு தீர்வு கண்டுபிடித்துவிட்டாள். கூடப் படிக்கிற பிள்ளை சொல்லிக்கொடுத்ததாம். இஃப்பும் வேண்டாம், எலிஃப்பும் வேண்டாம், இன்ட்டும் வேண்டாம். மூன்று சரங்களையும் ஒட்டி "8+9" என்று ஆக்கு, அதை ஈவால் என்ற செயற்கூறிடம் கொடு. 17 வந்துவிடும்.

உண்மைதான், வந்துவிடும். ஈவால் செய்வது என்னவென்றால், முடிந்துபோன முதல் கட்டத்தை மறுபடி ஆரம்பிக்கிறது. சரத்தைப் பைத்தான் நிரலாகப் படித்து, கட்டளையாக்கி, ஓட்டுகிறது. எழுத்தாக இருந்த + அங்கே செயலாகிவிடுகிறது. நான்கு குறிகளும் ஒரே வரியில். பார்க்க அழகாக இருக்கும்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அண்ணன் கடையில் நானும் இருந்தேன். ஒரு பெரியவர் இரண்டு கட்டு கொண்டுவந்தார், 8 கிலோவும் 9 கிலோவும். அன்றைக்கு விலை கிலோ 40 ரூபாய். அண்ணன் இப்போது கெட்டிக்காரனாகிவிட்டான். இரண்டு முறை எதற்குக் கணக்குப் போடணும் என்று முதல் எண் கேட்ட இடத்தில் 8+9 என்றே தட்டினான். குறி *. இரண்டாம் எண் 40. திரையில் 368.

368 ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டிருக்கும்போது பெரியவர், "கணக்கு இடிக்குதே தம்பி" என்றார். அண்ணன், "கம்ப்யூட்டர்ல போட்டது அண்ணாச்சி" என்றான். பெரியவர் விரலை மடக்கி ஒரு நிமிஷம் எண்ணினார். "பதினேழு நாப்பது அறநூத்தி எம்பதுல்லா?"

அறுநூற்று எண்பதுதான். ஒட்டிக் கிடைத்த சரம் "8+9*40". பெருக்கல் முதலில் என்ற விதிப்படி 9ஐ 40ஆல் பெருக்கி 360, அதோடு 8 சேர்த்து 368. ஈவால் பிழை எதுவும் சொல்லவில்லை. அதன் கணக்கில் பிழையே இல்லை. 312 ரூபாய் அந்தப் பெரியவரிடமிருந்து போயிருக்கும். வாய்ப்பாடு மனசில் நின்றதால் தப்பித்தார். 89 வந்தபோது சிரித்த அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. முதல் தப்பில் நஷ்டம் கடைக்கு. இரண்டாவதில் நஷ்டம் நம்பி வந்தவருக்கு.

அன்று இரவு அவளோடு உட்கார்ந்து ஈவாலை வேறு வேறு விதமாகச் சோதித்தோம். கிடைத்தவை:

எடைச் சீட்டில் எழுதுகிற மாதிரி 08 என்று தட்டினால் "08+9" ஆகிறது. முன்னால் பூச்சியம் வைத்த முழு எண்ணைப் பைத்தான் 3 நிரலுக்குள் ஏற்காது, வாக்கியப் பிழை. இதுவே இன்ட் வழியாக வந்திருந்தால் 08 சாதாரண 8.

முதல் எண் -2, குறி **, இரண்டாம் எண் 2. மைனஸ் இரண்டின் வர்க்கம் 4 என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தோம். "-2**2" என்று ஒட்டிக் கொடுத்தால் பைத்தான் சொல்வது -4. அடுக்கை முதலில் செய்துவிட்டுத்தான் மைனஸைப் போடுகிறது.

"9**9" என்று முதல் எண்ணிலும்,  ** என்று குறியிலும், 9 என்று இரண்டாம் எண்ணிலும் தட்டினால் சரம் "9**9**9". இந்த விடையில் சுமார் 37 கோடி இலக்கங்கள் இருக்கும். லேப்டாப் அதோடு சரி, பவர் பட்டனைத்தான் அழுத்த வேண்டும்.

இவை எல்லாம் கெட்ட எண்ணம் இல்லாமல் நடப்பவை. கெட்ட எண்ணம் இருந்தால்? ஈவாலுக்கு எண்ணும் குறியும் மட்டும்தான் தெரியும் என்று இல்லை, முழுப் பைத்தானும் தெரியும். கோப்பைப் படி, கோப்பை அழி, வேறு நிரலைக் கூப்பிடு என்று எண் கேட்ட இடத்தில் தட்டினாலும் செய்துவிடும். தண்ணீர் கேட்டு வந்தவருக்கு வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டு உள்ளே போய் எடுத்துக்கோ என்று சொல்வது போல.

இதில் என் சொந்தத் தப்பும் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்கு உள் உபயோகப் பக்கம் ஒன்று எழுதினேன். விலைக்கான சூத்திரத்தை ஊழியர்களே தட்டலாம், நான் அதை ஈவாலுக்கு அனுப்பிவிடுவேன். சோதனைக் குழுவில் இருந்த ஒருவர் சூத்திரப் பெட்டியில் ஒரு வரி தட்டி, தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைத் திரையில் வரவழைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே போவதற்கு முன் பிடித்தது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து பயனர் தட்டியதை ஈவால் பக்கமே கொண்டுபோவதில்லை.

மொழியை உருவாக்கியவர்களே இதே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். பைத்தான் 2இல் இன்புட் என்பதே உள்ளுக்குள் ஈவால் செய்யும். அதனால் 8 என்று தட்டினால் எண் எட்டாகவே கிடைக்கும். வசதிதான், ஆனால் பயனர் தட்டுகிற எதையும் ஓட்டிவிடும். பைத்தான் 3.0இல் அதை மாற்றி, இன்புட் எப்போதும் சரமே கொடுக்கும் என்று வைத்தார்கள். "8" + "9" என்பது "89" ஆன எரிச்சல் அந்த மாற்றத்துக்கு நாம் கொடுக்கும் விலை. கொடுக்க வேண்டிய விலை.

மூன்றாம் வழி: அட்டவணை

நான் சிபாரிசு செய்வது இதைத்தான். முதலில் ஒவ்வொரு செயலையும் ஒரு செயற்கூறாக எழுதிக்கொள்ளுங்கள். எழிலில் என்றால்:

    நிரல்பாகம் கூட்டு( அ, ஆ )
        பின்கொடு அ + ஆ
    முடி

பைத்தானில் நிரல்பாகம் என்ற இடத்தில் டெஃப், பின்கொடு என்ற இடத்தில் ரிட்டர்ன். இதே மாதிரி கழி, பெருக்கு, வகு. பிறகு பைத்தானின் அகராதி அமைப்பில் குறியையும் செயலையும் ஜோடி சேர்க்கிறோம். இனி வரும் வரிகள் அசல் பைத்தான், இப்படியே ஓடும்:

    செயல்கள் = {"+": கூட்டு, "-": கழி, "*": பெருக்கு, "/": வகு}

பயனரிடமிருந்து அ, ஆ இரண்டையும் ஃப்ளோட் வழியாக எண்ணாக வாங்கிவிட்டு:

    விடை = செயல்கள்[குறி](அ, ஆ)

சதுர அடைப்புக்குள் குறியைக் கொடுத்தால் அட்டவணையிலிருந்து செயற்கூறு கைக்கு வரும். அடுத்த வட்ட அடைப்பு அதை ஓட்டும். பாலம் முழுவதும் ஒரே இடத்தில், அந்த முதல் வரியில் இருக்கிறது. பயனர் என்ன தட்டினாலும் இந்த நான்கைத் தவிர வேறு எதுவும் ஓடாது. "8+9" என்று எண் இடத்தில் தட்டினால் ஃப்ளோட் வேல்யூஎரர் என்று கத்தும். இனி அண்ணன் தப்புச் செய்தால் சத்தம் வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

இங்கே புதியவர்கள் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். அட்டவணையில் கூட்டு என்று மட்டும் எழுத வேண்டும், கூட்டு(அ, ஆ) என்று எழுதக்கூடாது. பெயரை மட்டும் எழுதினால் செயற்கூறு அப்படியே உள்ளே உட்காரும். அடைப்போடு எழுதினால் அட்டவணை உருவாகும்போதே நான்கு செயல்களும் ஓடி, விடைகள் உள்ளே போய் உட்காரும். பயனர் கேட்டது கூட்டல், ஆ பூச்சியம் என்று வையுங்கள். அவர் கேட்காத வகுத்தலும் ஓடி, பூச்சியத்தால் வகுத்த பிழையோடு நிரல் நின்றுவிடும். "கூட்டத்தான சொன்னேன், வகுக்கலயே!" என்று அவளும் குழம்பினாள். கத்தி கொடு என்பதும் வெட்டிக் கொடு என்பதும் வேறு வேறு.

அட்டவணையில் இல்லாத குறி வந்தால் கீஎரர் வரும். அதற்கு முன்பே, குறி அட்டவணையில் இருக்கிறதா என்று இன் என்ற சொல்லால் கேட்டு, இல்லையென்றால் மறுபடி கேட்பது மரியாதை. எந்தெந்தக் குறிகள் உண்டு என்ற பட்டியலையும் அட்டவணையிலிருந்தே எடுத்துக் காட்டலாம். பிறகு புதிதாக ஒரு குறி சேர்த்தால் ஒரே இடத்தில் சேர்த்தால் போதும்.

நாமே செயற்கூறு எழுத வேண்டாம் என்றால், பைத்தானோடே வரும் ஆபரேட்டர் என்ற தொகுதியில் ஆட், சப், மல், ட்ரூடிவ் என்று தயாராக இருக்கின்றன. அவற்றை அட்டவணையில் வைக்கலாம். ஆனால் முதல் தடவை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது.

பயனர் நம் ஊர்க்காரர் என்றால்

அட்டவணை வந்த பிறகு அண்ணன் எப்படித் தட்டுகிறான் என்று பக்கத்தில் இருந்து பார்த்தோம். புத்தகத்தில் இல்லாத பல விஷயங்கள் கிடைத்தன.

பெருக்கலுக்கு * என்று அவன் தட்டவே இல்லை. லேப்டாப்பில் ஆங்கில எக்ஸ் எழுத்தைத் தட்டினான், போனில் × தட்டினான். வகுத்தலுக்கு ÷. நமக்கு × என்பதும் எக்ஸ் என்பதும் ஒரே மாதிரி. யூனிகோடில் × 215, ÷ 247, எல்லாம் தனி எழுத்து. கழித்தலில் இன்னும் மோசம். விசைப்பலகையின் - எண் 45. கணிதக் கழித்தல் குறி − எண் 8722. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தீர்வு சுலபம், ஒரே செயலுக்குப் பல சாவி:

    செயல்கள்["×"] = பெருக்கு
    செயல்கள்["÷"] = வகு
    செயல்கள்["−"] = கழி
    செயல்கள்["கூட்டு"] = கூட்டு

அடுக்குக்கு ^ தட்டுகிறவர்கள் உண்டு. பைத்தானில் ^ என்பது இரும எண்களின் பிட்டுகளை ஒப்பிடுகிற வேறு செயல், 5 ^ 2 என்றால் 7. ஈவால் வழியில் 25க்குப் பதில் 7 என்று அமைதியாகச் சொல்லும். அட்டவணை வழியில் ^ என்ற சாவிக்கு என்ன பொருள் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

போனில் தமிழ்ச் சொல் தட்டினால் விசைப்பலகை பின்னால் ஒரு இடைவெளியையும் போட்டுவிடும். "கூட்டு" வேறு, "கூட்டு " வேறு. ஸ்ட்ரிப் என்ற செயலால் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைச் சீவிவிட வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்து வரும் ஒகர எழுத்துகளில் இன்னொரு சிக்கல். "ொ" என்பதை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் தட்டலாம். மாறிப் பெயரில் வந்தால் பைத்தானே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சரத்துக்குள் வந்தால் அப்படியே விட்டுவிடும், சாவி பொருந்தாது.

ஒரு இனிய அதிர்ச்சியும் உண்டு. இன்ட் தமிழ் இலக்கங்களை ஏற்கிறது! "௧௨" என்று கொடுத்தால் 12 கிடைக்கும். ஆனால் பழைய முறையில் "௰௨" என்று எழுதினால் ஏற்காது. ௰ என்பதை யூனிகோட் இடமதிப்பு இலக்கமாக வைக்கவில்லை, பத்தைக் குறிக்கும் தனி எண்குறியாக வைத்திருக்கிறது. பழைய கணக்குப் பிள்ளை ஒருவர் வந்து தட்டினால் நம் நிரல் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான்.

இது புதிய யோசனை இல்லை

செயலையும் எண்ணையும் தனித்தனிப் பொருளாகப் பார்ப்பது பைத்தானின் கண்டுபிடிப்பு இல்லை. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பு இயந்திரத்தில் துளை அட்டைகளில் இரண்டு முக்கிய வகைகள் இருந்தன. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் செயல் அட்டைகள் ஒன்று, எந்த எண்களின் மேல் செய்ய வேண்டும் என்று சொல்லும் மாறி அட்டைகள் இன்னொன்று. 1843இல் அந்த இயந்திரத்தைப் பற்றிக் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், செயல் என்பது அது எதன்மேல் நடக்கிறதோ அதிலிருந்து தனியானது என்பதை வலியுறுத்தினார். அதனால்தான் அந்த இயந்திரம் எண்களைத் தாண்டியும் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. நம் அட்டவணையில் உட்கார்ந்திருக்கும் கூட்டு, கழி எல்லாம் ஒரு வகையில் அந்தச் செயல் அட்டைகள்தான்.

அண்ணன் கேட்ட ஐந்தாவது குறி

நான் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணன் மகளைக் கூப்பிட்டு, "எல்லாம் சரிதான், கழிவு எங்கட்டி?" என்றான். அவன் கடையில் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ கழிவு. வாடல், உடைசலுக்காக எடையில் தள்ளுவது. அவனைப் பொறுத்தவரை கூட்டல், பெருக்கல் மாதிரி அதுவும் ஒரு கணக்கு. ஆனால் அதற்கு உலகத்தில் எந்தக் கணிதப் புத்தகத்திலும் குறி கிடையாது.

ஈவாலிடம் "17 கழிவு 2" என்று கொடுத்தால் வாக்கியப் பிழைதான் வரும். பைத்தானுக்குத் தெரிந்த குறிகளோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. அட்டவணைக்கு அந்த எல்லை இல்லை. அவள் கழிவுபோக என்று ஒரு செயற்கூறு எழுதினாள். அதற்குள் ஒரே ஒரு கணக்கு, அ - அ * ஆ / 100. பிறகு ஒரு வரி:

    செயல்கள்["கழிவு"] = கழிவுபோக

17, கழிவு, 2 என்று தட்டியதும் 16.66 வந்தது. நான் எதுவும் சொல்லித்தரவில்லை, அவளாகவே செய்தாள். "அப்ப எந்தக் கணக்கையும் குறியாக்கிக்கலாமா சித்தப்பா?" என்றாள். ஆக்கிக்கலாம். பயனர் செயலைத் தேர்ந்தெடுக்கிறார் என்று சொன்னால், மொழி கொடுத்த நான்கில் ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இல்லை. அவர் தொழிலில் எது செயலோ அது அட்டவணையில் உட்காரலாம். நாம் வைத்ததைத் தவிர வேறு எதுவும் அங்கே உட்கார முடியாது என்பதும் முக்கியம்.

கடைசியாக அவள் இன்னொன்றும் செய்தாள், அதுவும் நான் சொல்லாதது. விடைக்கு முன்னால் கணக்கையும் சேர்த்துக் காட்டும்படி மாற்றினாள். திரையில் இப்போது 680 என்று மட்டும் வருவதில்லை, "17 × 40 = 680" என்று வருகிறது. லேப்டாப்பையும் விவசாயி உட்காருகிற பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாள். கணக்கு இடித்தால் இனி அவரே பார்த்துச் சொல்லலாம்.